கடுகையும் தேடுவோம், பூசணிக்காயையும் தேடுவோம்!

"சிக்கனமாக வாழுங்கள்!" என்று உழைப்பாளி மக்களுக்கு உபதேசம் செய்யாதவர் இந்த நாட்டில் யாருமில்லை. பட்ஜெட் வாசிக்கும் மந்திரி சொல்கிறார். போனஸ் கேட்டால் மில் முதலாளி சொல்கிறார். கூலி உயர்வு கேட்டால் மிராசுதாரும் அதையே சொல்கிறார். மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய கதைதான்! கால்படி அரிசியை நான்கு வயிறுகளுக்குப் பங்கிடத் தெரிந்த தாய்க்கு, சிக்கனத்தைப் பற்றி எந்த நிபுணர் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்?

ஆனாலும் சிக்கனத்தைப் பற்றி நாமும் பேசத்தான் வேண்டும். எதிரி பேசுகிறான் என்பதற்காக ஒரு விஷயத்தை அவனிடமே விட்டுவிட முடியாது. கையில் மிஞ்சும் ஒவ்வொரு பத்து ரூபாயும் குழந்தையின் நோட்டுப் புத்தகம். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தப்பும் ஒரு நாள். வேலைநிறுத்தக் காலத்தில் அடுப்பெரிய உதவும் ஒரு பிடி அரிசி.

இந்த வாரம் இரண்டு செலவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, மொபெட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டும் இன்ஷூரன்ஸ். மற்றொன்று, அடுப்பெரிக்கும் செலவு. 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு காஸ் சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு. அதாவது இரண்டரை நாள் கூலிக்கு மேல்! மொபெட்டின் கட்டாய இன்ஷூரன்சும் ஏறத்தாழ அதே இரண்டரை நாள் கூலிதான்.

"கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்பது பழமொழி. கடுகு போகும் இடத்தையும் அடைக்க வேண்டும். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனையும் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதும் என்பவன் நம்மை ஏமாற்றுகிறான், அல்லது தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

அறுக்கக் கூடாத கயிறு

"தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள் ஒரு கேடா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. இரவு ஷிப்டு விடும் நேரத்தில் மில் வாசலுக்கு எந்த பஸ் வருகிறது? விடியுமுன் பத்து மைல் தள்ளி இருக்கும் வயலுக்கு எந்த பஸ் போகிறது? மொபெட் ஆடம்பரமல்ல, மண்வெட்டியைப் போல, அரிவாளைப் போல, அதுவும் ஒரு வேலைக் கருவி. அதற்கு ஆகும் செலவைக் கூலியிலிருந்து நாம் கொடுக்கிறோம்.

பணமுடை வந்தால் நம்மில் பலர் முதலில் நிறுத்துவது வண்டியின் இன்ஷூரன்சைத்தான். "போலீஸ்காரன் பிடித்தால் பார்த்துக்கொள்வோம்" என்கிறோம். தோழர்களே, இந்தச் சிக்கனம் ஆபத்தான சிக்கனம்!

சற்று யோசித்துப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்து, கண்ணெரிச்சலோடு வீடு திரும்புகிறார் ஒரு மில் தொழிலாளி. அதே விடியற்காலையில், அதே சாலையோரத்தில், நடவுக்குப் போகிறார் ஒரு விவசாயக் கூலிப் பெண். கண்மூடித் திறப்பதற்குள் வண்டி அவர் மேல் மோதிவிடுகிறது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. பிறகு என்ன நடக்கிறது? அந்தப் பெண்ணின் குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டு கோர்ட்டுக்குப் போகிறது. பல லட்ச ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பாகிறது. கொடுக்க வேண்டியது அந்த மில் தொழிலாளி! நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலமாக அவரிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. அவரிடம் என்ன இருக்கிறது? ஓட்டு வீடும் மனைவியின் தோடும். ஒரு குடும்பம் அன்னையை இழந்து நிற்கிறது. இன்னொரு குடும்பம் கூரையை இழந்து நிற்கிறது. இரண்டும் உழைப்பாளிக் குடும்பங்கள். எந்த முதலாளிக்கும் இதில் ஒரு கீறல் கூட இல்லை.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பது இதற்குத்தான். அது நம் வண்டிக்காகக் கட்டுவதல்ல; சாலையில் நடக்கும் இன்னொரு பாட்டாளிக்காக நாம் கட்டுவது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறு தடவை அபராதம் 4,000 ரூபாய். இது 2019இல் திருத்திய சட்டம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து கட்டுவதை விட, நம் வர்க்கத்துக்கு நாம் செய்யும் கடமை என்று கட்டுவதே சரி.

குறைக்கக் கூடிய இடங்கள்

மூன்றாம் நபர் இன்ஷூரன்சின் பிரீமியத்தைச் சர்க்கார் நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி. வரையுள்ள வண்டிக்கு வருடத்துக்கு 538 ரூபாய். 75 முதல் 150 சி.சி. வரை 714 ரூபாய். 150 முதல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய். இதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி. 714 ரூபாய் என்பது வரியோடு 842 ரூபாய் 50 காசு ஆகிறது. ஆகவே "மூன்றாம் நபர் பிரீமியத்தில் உனக்கு மட்டும் குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு தரகர் சொன்னால், அவர் விற்பது போலிக் காகிதமோ என்று சந்தேகப்படுங்கள். சர்க்காரின் வாகனப் பதிவுக் கணக்கில் நம் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். செல்போன் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் சங்க அலுவலகத்தில் இதைச் செய்து கொடுக்கலாம்.

குறைக்க முடிவது எங்கே? நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில். அதன் விலையைச் சர்க்கார் நிர்ணயிப்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. எனவே நான்கு இடத்தில் விசாரித்த பிறகே கட்ட வேண்டும். புது வண்டி வாங்கும்போது, "இங்கேயேதான் இன்ஷூரன்ஸ் போட வேண்டும்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. 2018 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் சொந்தச் சேதத்துக்கும் ஐந்து வருடம் கட்டு என்று யாரும் நம்மை நிர்ப்பந்திக்க முடியாது.

கிளெய்ம் எதுவும் கேட்காமல் ஒரு வருடம் கழிந்தால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவிகிதம் கழிவு உண்டு. அது வருடா வருடம் 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவிகிதம் ஆகும். இந்தக் கழிவு வண்டிக்கல்ல, சொந்தக்காரருக்கு. பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் கழிவு முழுவதும் போய்விடும். முந்நூறு ரூபாய்க் கண்ணாடி உடைந்ததற்குக் கிளெய்ம் போட்டால், கழிவில் அதைவிட அதிகம் இழக்க நேரிடும். இதையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓட்டுபவரின் உயிருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பும் கட்டாயம். ஆனால் ஒருவர் பெயரில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு தடவை கட்டத் தேவையில்லை, ஒன்று போதும். ஏற்கெனவே வேறு இடத்தில் அதே தொகைக்கு விபத்துப் பாலிசி இருந்தாலும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் ஒன்று இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை உள்ளவர் சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய். அதன் மேல் யாருடைய பெயரை ஒட்டியிருந்தாலும் கட்டும் பணம் நம்முடையது. எனவே கூச்சமில்லாமல் சேரலாம். வண்டிக்குரிய கட்டாயப் பாதுகாப்புக்கு இது ஈடாகாது. கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியது.

மில் தோழர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தை, வேலைக் காயமாகவே கருத வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. உரிமையைக் கேட்க மட்டும் நமக்குத் தெரிவதில்லை!

பின்னால் உட்கார்ந்திருப்பவர் கதி

இனி சொல்லப் போவது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால், நம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு அது பொருந்தாது. 2006இல் சுப்ரீம் கோர்ட்டே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார்? மனைவி, மகள், அல்லது அதே ஷிப்டுத் தோழர். சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசியில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. எனவே பழைய வண்டிக்குச் சொந்தச் சேதப் பகுதி தேவையா என்று கணக்குப் போடும்போது, வண்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பின் சீட்டையும் பாருங்கள். அதை விடுவதானால், பின்னால் வருபவருக்குத் தனியாகப் பாதுகாப்புச் சேர்க்க என்ன ஆகும் என்று கேளுங்கள்.

விவசாயத் தொழிலாளருக்கோ இதைவிடப் பெரிய ஆபத்து. நடவுக்கும் அறுப்புக்கும் கட்டட வேலைக்கும் சரக்கு வேன்களிலும் டிராக்டர் டிரெய்லர்களிலும் ஆட்களை நெல்மூட்டைபோல் அடுக்கிக்கொண்டு போகிறார்களே, அந்த வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? "சரக்கு வண்டியில் ஆள் ஏன் ஏறினான்?" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பயணிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. அப்புறம் வண்டிக்காரனையும் காண்ட்ராக்டரையும் துரத்திக்கொண்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

இங்கே சிக்கனம் செய்பவன் யார்? ஆளேற்றும் வண்டி அமர்த்தினால் வாடகை கூடும் என்று சரக்கு வண்டி அனுப்புகிறானே, அந்தக் காண்ட்ராக்டர்! அவன் மிச்சம் பிடிக்கிற நூறு ரூபாய்க்கு ஈடாக வைப்பது இருபது பெண்களின் உயிரை. வேலைக்குக் கூப்பிடுபவன் முறையான பயணி வண்டி அமர்த்த வேண்டும் என்பது கூலி உயர்வுக்குச் சமமான கோரிக்கை. கூலி பேசும்போதே வண்டியையும் பேசுங்கள்.

பூசணிக்காய் போன வழி

இப்போது பூசணிக்காய்க்கு வருவோம். இந்த நாட்டில் 107 ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனியார் கையில் இருந்தன. 1971இல் சர்க்கார் அவற்றின் நிர்வாகத்தை ஏற்றது. 1973 ஜனவரி முதல் தேதி அவை தேசவுடைமையாகி, நான்கு சர்க்கார் கம்பெனிகளாக அமைந்தன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. ஊழியர்களும் உழைப்பாளி மக்களும் கேட்டுப் பெற்றது அது.

பிறகு என்ன நடந்தது? 1999இல் சட்டம் போட்டுத் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவிகிதம், 2015இல் 49, 2021இல் 74. நூறு சதவிகிதமாக்கப் போவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சர்க்கார் கம்பெனிகளில் சர்க்காரின் பங்கு 51 சதவிகிதத்துக்குக் கீழே போகலாம் என்று 2021 ஆகஸ்டில் இன்னொரு திருத்தம்! சட்டத்தின் பெயரால் கோடிக்கணக்கான ஏழைகளிடம் கட்டாயமாக வசூலாகும் பணம் அது. அந்தப் பணத்தை லாப வேட்டைக்காரனிடம் ஒப்படைப்பது எந்த ஊர் நியாயம்?

வரியைப் பாருங்கள். தனிநபர் ஆயுள் இன்ஷூரன்சுக்கும் மருத்துவ இன்ஷூரன்சுக்கும் இருந்த ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் நீக்கினார்கள். நல்லதுதான். ஆனால் கட்டாவிட்டால் ஜெயில் என்று மிரட்டி வாங்கும் மொபெட் இன்ஷூரன்சுக்கு 18 சதவிகிதம் அப்படியே தொடர்ந்தது. கட்டாயப்படுத்தி வாங்க வைத்து, வாங்கியதற்கு வரியும் போடுவதா? 2022ஆம் ஆண்டு விகிதப்படி, பங்களா வாசலில் நிற்கும் 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 7,897 ரூபாய். தொழிலாளியின் வண்டிக்கு 714 ரூபாய். பதினோரு மடங்குதான் வித்தியாசம். பங்களாவின் வருமானமும் குடிசையின் வருமானமும் பதினோரு மடங்குதானா வித்தியாசப்படுகின்றன?

பெட்ரோல் கதையும் இதேதான். 1960இல் சோவியத் யூனியன் மலிவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, இங்கிருந்த அந்நிய எண்ணெய்க் கம்பெனிகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. அந்தத் திமிருக்கு விடையாகச் சர்க்கார் துறை எண்ணெய்த் தொழில் வளர்ந்தது. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் நம் நாட்டின் சொத்தாயின. ஆனால் 2010 ஜூனில் பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பைச் சர்க்கார் கைகழுவியது. 2014 அக்டோபரில் டீசலையும். உலகச் சந்தையில் விலை விழுந்தபோதாவது நமக்கு லாபம் கிடைத்ததா? இல்லை! 2014இல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய எக்சைஸ் வரி, 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 காசாக ஏறியது. ஊரடங்கில் வேலையின்றி மக்கள் வாடிய மாதம் அது! பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். அப்போதும் பழைய வரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே நின்றது. டயரில் காற்றைச் சரியாக வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சிக்னலில் இஞ்சினை நிறுத்தி நாம் மிச்சம் பிடிப்பது சில சொட்டுகள். அதையும் செய்வோம். ஆனால் ஒவ்வொரு லிட்டரிலும் டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொள்பவன் எதிரில் நிற்கிறான் என்பதை மறக்க வேண்டாம்.

அடுப்படிக் கணக்கு

சென்னையில் காஸ் சிலிண்டர் விலை 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. பல மாநிலத் தேர்தல்கள் நெருங்கிய 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள். பார்லிமெண்டுத் தேர்தல் வந்த 2024 மார்ச்சில் இன்னும் 100 ரூபாய் குறைத்தார்கள். தேர்தல் முடிந்தது, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். ஓட்டுப்பெட்டியின் சூட்டில் மட்டும் உருகும் விலை இது!

2016ஆம் ஆண்டு மே தினத்தன்று ஏழைப் பெண்களுக்கு காஸ் இணைப்பு என்று உஜ்வலா திட்டத்தைத் தொடங்கினார்கள். இணைப்பு வந்தது. மறு சிலிண்டருக்குப் பணம் எங்கே? அவர்களுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. வருடத்துக்குப் பன்னிரண்டு என்றிருந்ததை 2025-26இல் ஒன்பதாகச் சுருக்கிவிட்டார்கள். மானியம் போகவும் 568 ரூபாய் 50 காசு கொடுக்க வேண்டியிருந்தது. எனவேதான் காலி சிலிண்டர் மூலையில் நிற்க, பக்கத்திலேயே விறகடுப்பு புகைகிறது.

"விறகு சும்மா கிடைக்கிறதே" என்பார்கள். சும்மாவா? முள்விறகு வெட்டிக் கட்டிச் சுமந்து வரும் பெண்ணின் முதுகு அதற்கு விலை. புகையில் அவியும் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை. அரை நாள் கூலி இழப்பு அதற்கு விலை. இந்தக் கணக்கை எந்த பட்ஜெட்டும் எழுதுவதில்லை.

அடுப்பில் மிச்சம் பிடிக்க வழிகள் உண்டு. அரிசியையும் பருப்பையும் அரைமணி நேரம் ஊறவைத்து ஏற்றுவது. பாத்திரத்தை மூடி வேகவைப்பது. கொதி வந்ததும் தீயைத் தணிப்பது. காய் அரிந்து எல்லாம் தயாரான பிறகே அடுப்பைப் பற்றவைப்பது. தீ பாத்திரத்தின் அடியை மீறிப் பக்கவாட்டில் எரியாமல் பார்ப்பது. தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு இருக்கிறது, காஸ் வீணாகிறது என்று அர்த்தம். முக்கால் பதம் வெந்த சோற்றை மூடி, வைக்கோல் திணித்த கூடையில் வைத்து மேலே கோணியால் போர்த்தினால், தன் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். விறகு எரிப்பவர்கள் ஈர விறகைத் தவிர்த்துக் காய்ந்ததை எரித்தால் விறகும் மிச்சம், புகையும் குறைவு.

ஒரு வார்த்தை ஆண் தோழர்களுக்கு: சிக்கனம் என்றதும் அதைப் பெண்கள் தலையில் கட்டிவிட வேண்டாம். நாம் வேளைக்கு ஒரு தடவை "சுடச்சுடக் கொண்டுவா" என்று கேட்பதிலும் காஸ் எரிகிறது!

சிலிண்டர் வந்தவுடன் எடை பாருங்கள். காலி எடை சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்ந்து மொத்த எடை இருக்க வேண்டும். தராசு கொண்டுவரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கான கூலி சிலிண்டர் விலையிலேயே அடங்கியிருக்கிறது. ரசீதுக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாடிப்படி ஏறி வந்து ஐம்பது ரூபாய் கேட்பவரோடு சண்டை போடுவதோடு நின்றுவிடாதீர்கள். முப்பது கிலோ பாரத்தைத் தோளில் தூக்கும் அவரும் தொழிலாளிதான். நாம் விலையில் கொடுத்த கூலி அவர் கைக்கு முழுதாகப் போகிறதா, இல்லை ஏஜென்சிக்காரர் பையில் தங்குகிறதா என்று கேளுங்கள். அவரையும் சங்கத்தில் சேருங்கள்!

இதோ அடுப்படியிலும் ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நாம் தனியாகக் காசு கட்டாமலே, எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்து வைத்திருப்பது. சிலிண்டர் விபத்தில் உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்ச ரூபாய். காயத்துக்குச் சிகிச்சைச் செலவு ஒருவருக்கு 2 லட்சம் வரை. பதிவு செய்த வீட்டில் ஏற்பட்ட பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நேர்ந்தால் ஏஜென்சிக்கும் போலீசுக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது எத்தனை குடிசைகளுக்குத் தெரியும்? வீடு மாறினால் முகவரியை மாற்றிப் பதிவு செய்யுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கசிவு நாற்றம் வந்தால் 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குழாயில் மிச்சம் பிடிப்பதும் அறுக்கக் கூடாத கயிற்றை அறுப்பதுதான்.

மிச்சம் யாருக்கு?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பதைப் பார்த்து, "பார், இந்தக் கூலியிலேயே வாழ முடிகிறதே!" என்று முதலாளி சொல்வான். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

மில் தொழிலாளியின் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டது. 2001ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய கணக்கில், எரிபொருளுக்கும் விளக்குக்கும் நூற்றில் 6.43 பங்கு ஒதுக்கியிருந்தார்கள். 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட புதிய கணக்கில் அது 5.50 ஆகச் சுருங்கியது. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் குடும்பம் மாதம் ஒரு சிலிண்டரை 868 ரூபாய் 50 காசுக்கு வாங்கினால், அது ஒன்றே நூற்றில் ஏழு பங்குக்கு மேல் ஆகிறது. மின்சாரம் இன்னும் கணக்கில் வரவில்லை. நாடு முழுவதற்கும் போட்ட சராசரிக்குள் குறைந்த கூலிக்காரனின் அடுப்பு மறைந்துபோகிறது. விலை ஏறும்போது பஞ்சப்படி நொண்டிக்கொண்டு பின்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காண்ட்ராக்ட் தொழிலாளர் பலருக்கோ அந்த நொண்டிப் பஞ்சப்படியும் கிடையாது.

ஆகவே, ஒவ்வொரு சங்கக் கிளையும் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கட்டும். வண்டிப் பாலிசிகளைக் கொண்டுவரச் சொல்லித் தேதி பார்க்கட்டும். முடிந்து போனவர்களுக்குப் புதுப்பிக்க உதவட்டும். முடியாதவருக்குக் கைமாற்றுக் கொடுக்கட்டும். சிலிண்டர் எடைக்கு ஒரு தராசு வாங்கி வைக்கட்டும். நல வாரியத்தில் பதியாதவர்களைப் பதியச் செய்யட்டும். இது கடுகைத் தேடும் வேலை.

அதே மாலையில் பூசணிக்காயையும் பேசுங்கள். கட்டாய இன்ஷூரன்சுக்கு வரி கூடாது! இன்ஷூரன்ஸ் சர்க்கார் துறையிலேயே நிலைக்க வேண்டும்! பெட்ரோல் வரியைக் குறை! உழைப்பாளி வீட்டுக்கு சிலிண்டரைக் கட்டுப்படியாகும் விலையில் கொடு! கூலியாட்களுக்குச் சரக்கு வண்டி வேண்டாம், பயணி வண்டி கொடு! ஷிப்டு நேரத்துக்கு பஸ் விடு!

அந்த விடியற்காலைச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளியும், நடவுக்குப் போகிற விவசாயத் தொழிலாளியும் அங்கே ஒருவரையொருவர் கடந்துதான் போகிறார்கள். இன்ஷூரன்சைத் தொலைத்துவிட்டுக் கோர்ட் வாசலில் எதிரெதிராக நிற்கப் போகிறார்களா? இல்லை, தங்கள் இரண்டு அடுப்புகளிலும் நெருப்பைக் குறைத்தவனுக்கு எதிராக ஒன்றாக நிற்கப் போகிறார்களா? ஒன்றாகவே நிற்பார்கள், நிற்கச் செய்வது நம் வேலை!